காடுறை வல்லரவு: நிறமும் நிலமும் மொழியும்

1974ஆம் ஆண்டில் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் விஸ்கான்சின் மாநிலத்து லேக் ஜெனீவா என்னும் சிற்றூரிலிருந்து 'டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்' என்னும் விளையாட்டு நூல் வெளிவந்தது. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் என்னும் இருவர் அதனை யாத்தனர். சிலர் ஒரு மேசையைச் சூழ்ந்திருந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தரை ஏற்று, அம்மாந்தர் செய்வனவற்றை வாயாற் கூறி ஆடும் ஆட்டம் அது. ஒருவர் மட்டும் தமக்கென மாந்தரை ஏலாது, நிலத்தையும் விலங்கையும் பகைவரையும் ஏனையோர்க்கு எடுத்துரைத்து ஆட்டத்தைக் கொண்டு செலுத்துவர். அவரை ஈண்டு நடத்துநர் என்போம். முடிவு ஐயத்திற்கிடமாகும் செயல்களுக்குப் பகடை உருட்டுவர். எழுத்தில் இருப்பது விதிநூல் மட்டுமே; கதை ஆடுவோர் வாயிற் பிறந்து, அவர் கலையுங்கால் முடிந்துவிடுகிறது. வாய்மொழி இலக்கியத்தை ஆராய்வார்க்கு இத்தகைய ஆட்டம் புறக்கணிக்கத்தக்கதன்று.

இவ்வாட்டத்தின் டிராகன்கள் நிறத்தால் வகுக்கப்பட்டவை. 1977இல் கைகாக்ஸ் வெளியிட்ட 'மான்ஸ்டர் மேனுவல்' என்னும் விலங்கு நூலில் வெள்ளை, கறுப்பு, பச்சை, நீலம், சிவப்பு என்னும் ஐந்தும் கொடியனவாகவும், பித்தளை, வெண்கலம், செம்பு, வெள்ளி, பொன் என உலோகப் பெயர் பெற்றவை நல்லனவாகவும் கூறப்பட்டுள்ளன. கொடியன ஐந்தனுள் காட்டில் உறைவது பச்சை. அதன் மூச்சு நச்சுப்புகை. இவ்விரண்டும் எவ்வாறு ஒன்றுகூடின, காட்டில் உறைதலால் அவ்வுயிர்க்கு எய்திய இயல்பு யாது என்பனவே இங்கு ஆராயப்படுவன. நிறம் முதலிலும், நிலம் அதன் பின்னும், இயல்பு அனைத்திற்கும் பின்னுமாக அமைந்தன என்பதும், அவ்வியல்பு மூச்சினும் பேச்சிலேயே மிகுதியும் உள்ளது என்பதும் யாம் கொள்ளும் முடிபு.

பெயர்

முதற்கண் டிராகன் என்பதனைத் தமிழில் எவ்வாறு வழங்குவது என்பதனை நோக்குதல் வேண்டும். யாளி என்பார் சிலர். கோயிற்றூண்களில் நிற்கும் யாளி அரிமாவின் உடலும் சில விடங்களில் யானையின் துதிக்கையும் உடையது. அதனைப் பாம்பினத்தோடு சேர்த்தல் பொருந்தாது. பாந்தள், மாசுணம் என்னும் பழஞ்சொற்கள் பெரும்பாம்பைக் குறிப்பன; சிறகும் பேச்சும் அவற்றுக்கு இல்லை. தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தோர் வெளிப்படுத்தின விசேஷத்தில் வரும் செந்நிற டிராகனுக்கு 'வலுசர்ப்பம்' என்னும் சொல்லை ஆண்டனர். அச்சொல் நன்கு அமைந்தது; வலிமையையும் பாம்பினத்தையும் ஒருங்கே சுட்டுகிறது. அதனையே தழுவி, வடசொல்லை விடுத்து, 'வல்லரவு' என இக்கட்டுரையில் வழங்குவோம்.

மேலைச் சொல்லின் பிறப்பும் தமிழறிஞர்க்குச் சுவை பயப்பது. கிரேக்க மொழியின் 'டிரக்கோன்' என்பது 'கூர்ந்து நோக்குதல்' என்னும் பொருளுடைய வினையடியிற் பிறந்தது என்பர். அஃதாவது, பெயர்க்காரணம் சிறகன்று, தீயன்று, பார்வை. பார்வையால் கொல்லும் பாம்பு நம் இலக்கியத்திலும் உண்டு. மணிமேகலையின் முற்பிறப்பில் அவள் கணவனாயிருந்த இராகுலன் 'திட்டிவிடம்' என்னும் பாம்பினால் இறந்தான் என அக்காப்பியம் கூறும். திட்டி என்பது பார்வை. விடம் அதனுள்ளேயே இருப்பது. ஒன்றிலிருந்து மற்றொன்று வந்தது என்று கொள்வதற்கில்லை. பாம்பின் இமையாத கண்ணைக் கண்ட இரு மக்கட் கூட்டத்தார் ஒரே அச்சத்தை இரு சொற்களில் வைத்தனர் என்க.

பழைய உறைவிடங்கள்

மேலை இலக்கியத்து வல்லரவுகள் பெரும்பாலும் காட்டில் வாழ்வனவல்ல. பழைய ஆங்கிலக் காப்பியமாகிய பேவுல்பில் வரும் வல்லரவு கடற்கரையை அடுத்த கல்மேட்டினுள் பழம்புதையலைக் காத்துக் கிடக்கிறது. வடபுலத்து வோல்சுங்கர் கதையில் வரும் பாப்னிர் புதர்நிலத்தில் பொன்மேற் படுத்திருக்கிறான். 1937இல் டோல்கீன் எழுதிய 'தி ஹாபிட்' என்னும் கதையில் ஸ்மாக் மலைக்குடைவில் உறைகிறது. இவை மூன்றிலும் வல்லரவின் இருப்பிடத்தைத் தீர்மானிப்பது பொன். புதையல் எங்கே, அங்கே அரவு.

காட்டரவின் வழி வேறு, அது தென்புலத்தது. கிரேக்கர் கூறும் பொற்கம்பளக் கதையில், கொல்கிஸ் நாட்டில் ஏரிஸ் என்னும் போர்க்கடவுளின் சோலையில் உறங்காத அரவு ஒன்று காவல் இருந்தது. உரோமப் புலவர் ஓவிட் தம் 'உருமாற்றங்கள்' என்னும் நூலின் மூன்றாம் பகுதியில் காட்மஸ் கதையைப் பாடுமிடத்து, கோடரி படாத பழங்காட்டினுள் ஒரு குகையையும், அதனுள் மார்ஸ் கடவுளுக்குரிய பேரரவையும் அமைக்கிறார். நீர் முகக்கச் சென்ற காட்மஸின் ஏவலரை அவ்வரவு கடித்தும் சுற்றியும் கொல்கிறது. எஞ்சியோரை மூச்சின் நஞ்சினாலேயே கொல்கிறது. காடும் நச்சு மூச்சும் ஓரிடத்துக் கூடியமையை இங்கே காண்கிறோம். இரண்டாயிரம் ஆண்டுகட்கு முற்பட்ட பாட்டு இது.

ஆங்கிலத்தில் இவ்வழியை வளர்த்தவர் ஸ்பென்சர். 1590இல் வெளிவந்த 'தி பேயரி குவீன்' என்னும் காப்பியத்தின் தொடக்கத்திலேயே செஞ்சிலுவை வீரன் மழைக்கு ஒதுங்கி ஒரு காட்டினுட் புகுகிறான். மரங்களின் அழகிலும் பறவைகளின் ஒலியிலும் ஈடுபட்டு வழி தப்புகிறான். அக்காட்டின் நடுவே, பாதி பெண்ணும் பாதி பாம்புமாகிய 'எர்ரர்' என்பவள் குகையில் இருக்கிறாள். அவள் உமிழும் நஞ்சில் நூல்களும் தாள்களும் கலந்து வருகின்றன. இலத்தீனில் அப்பெயரின் வேர்ச்சொல்லுக்கு அலைந்து திரிதல் என்றும் பிழைத்தல் என்றும் இரு பொருள் உண்டு. நம் மொழியில் 'நெறி' என்பது கால் செல்லும் வழியையும் ஒழுக்கத்தையும் ஒருங்கே குறிப்பது போன்றது அது. காட்டில் வழி தவறுதலும் அறிவில் வழி தவறுதலும் ஸ்பென்சருக்கு ஒன்றே. அவர் படைத்த பாம்புக்கு எழுத்தே நஞ்சு.

இவ்வளவு வளமான முன்மரபு இருத்தலின், விளையாட்டு நூலார் ஓவிட்டிடமிருந்தோ ஸ்பென்சரிடமிருந்தோ காட்டரவைப் பெற்றனர் என்று முடிவு செய்ய மனம் விழையும். சான்று அதற்கு இடம் தரவில்லை.

நிறத்தினின்று நஞ்சு

1974இன் நூலுக்கு முன்னோடியாக 1971இல் 'செயின்மெயில்' என்னும் போர் விளையாட்டு நூல் வந்தது. கைகாக்ஸும் ஜெஃப் பெரனும் அதனை எழுதினர். சிற்றுருவப் படைவீரர்களை மேசைமேல் நிறுத்தி ஆடுதற்குரிய அந்நூலின் பின்னிணைப்பில் புனைவுயிர்கள் சில சேர்க்கப்பட்டன. விரிவாகக் கூறப்பட்டது சிவப்பு வல்லரவு ஒன்றே. ஏனைய நிறங்களுக்கு ஓரோர் வரியே கிடைத்தது. வெள்ளைக்குக் குளிர்நிலமும் பனிமூச்சும், கறுப்புக்கு வெப்பநிலமும் அரிக்கும் உமிழ்நீரும், நீலத்திற்கு மின்வீச்சும், பச்சைக்குக் குளோரின் என்னும் நச்சாவியும் குறிக்கப்பட்டன. பச்சைக்கு உறைவிடம் குறிக்கப்படவில்லை. இஃது உற்று நோக்கற்பாலது. ஓவிட் போன்றார் வழியாக இவ்வரவு வந்திருப்பின் காடும் நஞ்சும் ஒருங்கே வந்திருத்தல் வேண்டும். வந்ததோ நிறமும் அந்நிறத்ததாகிய ஆவியும் மட்டுமே. ஆகவே, படைகளை வேறுபடுத்துதற்குக் கொண்ட நிறப்பாகுபாட்டினின்று இவ்வுயிர் தோன்றிற்று எனக் கொள்வதே நேரிது. கணக்கு வசதிக்காகத் தோன்றியதனைக் கற்பனை என்று போற்றுவானேன் என ஒருவர் வினவலாம். அவ்வினாவில் உண்மை உண்டு. ஆயினும் தோற்றத்தை வைத்து வளர்ச்சியை அளத்தல் ஆராய்ச்சியாகாது.

பச்சைக்கு ஏன் குளோரின்? வேதியியலும் சொல்லியலும் இங்கே கைகோத்து நிற்கின்றன. 1774இல் ஷீலே என்னும் சுவீடன் நாட்டு வேதியியலார் இவ்வாவியை முதலிற் பிரித்தெடுத்தார். 1810இல் ஆங்கில அறிஞர் டேவி இது தனித்தன்மையுடைய தனிமம் எனக் கண்டு, அதன் மஞ்சள் கலந்த பசுமை நோக்கி, 'குளோரோஸ்' என்னும் கிரேக்கச் சொல்லிலிருந்து குளோரின் எனப் பெயரிட்டார். சில ஆண்டுகட்குப் பின் பிரெஞ்சு அறிஞர் பெல்லெத்தியேவும் கவாந்துவும் இலையின் பசும்பொருளைப் பிரித்து, அதே சொல்லிலிருந்து 'குளோரோபில்' என்று பெயர் வைத்தனர். நாம் பச்சையம் என்பது அதுவே. பச்சையத்தில் குளோரின் இல்லை, பெயர்தான் உறவு. கொல்லும் ஆவியும் தழைக்கும் இலையும் ஒரு பெயரடையின் இரு மக்களாயின. காட்டரவின் இரு பாதிகளும் இச்சொல்லுக்குள் முன்னரே அடங்கியிருந்தன எனலாம். நூலாசிரியர் இதனை அறிந்து செய்தார் என்று யாம் கூறவில்லை. மொழியில் உறங்குவதனை அறியாமலே எடுத்தாளுதல் புனைவோர்க்கு இயல்பு.

குளோரோஸ் என்னும் அச்சொல் கிரேக்கத்தில் பசுமையை மட்டும் குறித்ததன்று, வெளிறலையும் குறித்தது. ஓமரின் காப்பியங்களில் அச்சத்திற்கு அது அடையாக வரும். வெளிப்படுத்தின விசேஷத்தில் மரணம் ஏறிவரும் நான்காம் குதிரையின் நிறமும் கிரேக்க மூலத்தில் அதுவே. பசுமை, பசலை என்னும் நம் சொற்களை நினைவுகூர்வார்க்கு இது வியப்பன்று. பிரிவாற்றாத மகளிர் மேனியின் நிறவேறுபாட்டைப் பசப்பு என்று கூறித் திருக்குறள் ஓர் அதிகாரமே வகுத்துள்ளது. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம் மரபில் பசப்பு ஏக்கத்தின் நிறம், நஞ்சின் நிறமன்று. நஞ்சு நமக்குக் கருமையும் நீலமுமே; நீலகண்டன் என்னும் பெயரே சான்று. பச்சையும் நஞ்சும் ஐரோப்பியர் உள்ளத்தில் நெருங்கியமைக்கு வேறொரு காரணமும் காட்டலாம். முன்னர்க் கூறிய ஷீலே 1775இல் செம்பும் பாடாணமும் சேர்த்து ஒரு பச்சை வண்ணப்பொருளை ஆக்கினார். அவர் பெயராலேயே வழங்கிய அவ்வண்ணம் பத்தொன்பதாம் நூற்றாண்டில் சுவர்த்தாள்களிலும் பிற பொருள்களிலும் பயன்பட்டது. அதன் நஞ்சு பின்னரே உணரப்பட்டது. பச்சை ஆவியும் பச்சை வண்ணமும் ஒருவர் கைப்பட்டனவே.

இறுதியாகப் போர். 1915 ஏப்பிரல் 22ஆம் நாள் பெல்ஜியத்தின் ஈப்பர் நகரருகே செருமானியப் படையினர் ஐயாயிரத்திற்கு மேற்பட்ட உருளைகளைத் திறந்து குளோரினைக் காற்றில் விட்டனர். காற்றினும் ஏறத்தாழ இரண்டரை மடங்கு எடையுள்ள அவ்வாவி நிலத்தோடு படிந்து ஊர்ந்து பதுங்குகுழிகளில் இறங்கிற்று. ஊர்ந்து வரும் பசும்புகை என்னும் தோற்றம் இருபதாம் நூற்றாண்டின் உள்ளத்தில் அன்று பதிந்தது. போர் விளையாட்டு நூல் எழுதுவோர் இதனை அறியாதிருக்க வழியில்லை. பாப்னிர் ஊதிய நஞ்சைக் காட்டிலும் ஈப்பரின் புகையே பச்சை வல்லரவின் மூச்சுக்கு அண்மைய முன்னோடி என்பது எம் கருத்து.

நிலம் வந்து சேர்தல்

1977இன் நூலில் நிலங்கள் முறைப்படுகின்றன. வெள்ளை குளிர்நிலத்திலும், கறுப்பு சதுப்பிலும், நீலம் பாலைநிலத்திலும், சிவப்பு மலையிலும், பச்சை காட்டிலும் உறையுமென வகுக்கப்பட்டது. பச்சைக்குத் தரப்பட்ட விளையாட்டான இலத்தீன் பெயரிலும் குளோரின் இடம்பெறுகிறது. அதன் காடு ஆளரவமற்ற வன்காடாக இருத்தல் வேண்டும் என்ற குறிப்பும் உண்டு. மூச்சின் வடிவமும் நிறத்திற்கேற்ப வேறுபடும்: சிலவற்றுக்குக் கூம்பு, சிலவற்றுக்கு நேர்கோடு, பச்சைக்கு முகில். அடர்ந்த மரங்களினிடையே காற்றசைவின்றித் தங்கும் முகில் எனின், அவ்வடிவம் காட்டிற்கு ஏற்றதே. ஆனால் குளோரின் இலைகளின் நிறத்தைப் போக்கிக் கருகச் செய்யும். தன் மூச்சினாலே தன் உறைவிடத்தைத் தானே அழிக்கும் உயிர் இது. இம்முரணை நூல் கண்டதாகத் தெரியவில்லை. கதையாசிரியர் பின்னர்க் கண்டனர்.

நிலத்திற்கோர் உயிர் என்னும் இம்முறையைக் காணும் தமிழ் மாணவர் தொல்காப்பியப் பொருளதிகாரத்தை எண்ணாதிரார். தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை முதலியவற்றைக் கருப்பொருளாக நிலந்தோறும் வகுத்தமை நம் இலக்கணத்தின் தனிச்சிறப்பு. ஐந்நிறத்து வல்லரவுகளை ஐந்திணையோடு ஒன்றுக்கொன்றாகப் பொருத்திப் பட்டியலிடுதல் எளிது, ஆனால் பயனற்றது. முல்லைக்குப் பச்சை, குறிஞ்சிக்குச் சிவப்பு என எழுதி மகிழ்வார் மகிழ்க. பயனுள்ள வினா வேறு. நம் திணைக்கோட்பாட்டில் முதலும் கருவும் உரிக்காகவே நிற்பன. மானும் மரமும் மாந்தர் உள்ளத்து ஒழுக்கத்தைப் புலப்படுத்தவே பாட்டினுள் வருவன. 1977இன் நூலில் பச்சை வல்லரவுக்கு முதல் உண்டு, அதுவே கருவாக உள்ளது, உரி யாது? கொடியது, சினமுடையது என்னும் பொதுச் சொற்களே அங்குக் கிடைக்கின்றன. அவை ஐந்து நிறத்திற்கும் பொருந்தும். பேசுதலும் அதற்கு உரியதென உறுதியாகக் கூறப்படவில்லை. ஒரு வல்லரவு பேசுமா என்பதனைப் பகடை கூறும். சிவப்புக்குப் பேசும் வாய்ப்பு பச்சையினும் மிகுதி. இதனை நினைவில் இருத்துக.

மூச்சைப் பொறுத்தவரை, பின்வந்த பதிப்புகள் குளோரின் என்னும் பெயரைப் படிப்படியாக நழுவவிட்டன. 1989இன் இரண்டாம் பதிப்பில் குளோரின் நின்றது. 2000இன் மூன்றாம் பதிப்பில் அரிக்கும் அமில ஆவி என்றாயிற்று. குளோரின் ஈரம்பட்டால் அமிலம் ஆகுமாதலின் அதுவும் பிழையன்று. 2008, 2014 ஆண்டுகளின் பதிப்புகளில் நஞ்சு என்ற பொதுப்பெயரே எஞ்சியது. வேதியியல் கழன்று பழங்கதை மீண்டது.

மொழியே நஞ்சாதல்

மூச்சு தேய, பேச்சு வளர்ந்தது. அவ்வளர்ச்சிக்கு வித்து பாப்னிரிடமே உண்டு. சிகுர்து குழியில் மறைந்திருந்து அவனைக் குத்தியபின், உயிர் போகும் வரை இருவரும் உரையாடுகின்றனர். சிகுர்து முதலில் தன் பெயரைக் கூற மறுக்கிறான். சாவோன் பகைவனைப் பெயர் சுட்டிச் சபித்தால் அது பலிக்கும் என்பது அக்கால நம்பிக்கை. பாப்னிரோ, பொன் உன்னைக் கொல்லும், உன்னை ஏவியவன் உன்னையும் வஞ்சிப்பான் என்கிறான். அரவு கூறியது மெய். ஆனால் பகை விதைக்கும் மெய். டோல்கீனின் ஸ்மாக் இதனையே விரித்து ஆடும்: பில்போ தன் பெயரை மறைத்துப் புதிர் பேச, ஸ்மாக் அவன் தோழர்மேல் ஐயத்தை ஊன்றும். எனினும் இவ்விரண்டும் காட்டரவுகளல்ல. பேச்சைக் காட்டினுட் கொணர்ந்தது விளையாட்டின் வழிவந்த கதையே.

மார்கரெட் வைஸும் டிரேசி ஹிக்மனும் எழுதி 1985இல் வெளிவந்த 'டிராகன்ஸ் ஆஃப் விண்டர் நைட்' என்னும் புதினம் இவ்விளையாட்டின் 'டிராகன்லான்ஸ்' உலகைச் சார்ந்தது. அதில் சில்வனெஸ்டி என்னும் காட்டு நாட்டை லொராக் என்னும் அரசன் ஆள்கிறான். எல்ப் எனப்படும் நெடுவாழ்வினரின் நாடு அது. மரங்களையே அவர்கள் நகராக வளர்த்தனர். பகைப்படை வருங்கால், தன் நாட்டைக் காக்கக் கருதி, மந்திர உருண்டை ஒன்றை லொராக் கையாள முயல்கிறான். அதன் ஆற்றல் அவனைப் பற்றிக்கொள்கிறது. அப்போது சயன் பிளட்பேன் என்னும் பச்சை வல்லரவு அவனருகே அமர்த்தப்படுகிறது. அது அவனைக் கொல்லவில்லை, கடிக்கவில்லை, நச்சுப்புகை ஊதவுமில்லை. அவன் செவியருகே தலையை வைத்துக் கெட்ட கனவுகளை மெல்லக் கூறிக்கொண்டேயிருக்கிறது. அவன் காணும் கனவுக்கேற்பக் காடே உருமாறுகிறது. மரங்கள் முறுகி வளைகின்றன; அவற்றிலிருந்து குருதி கசிகிறது; உள்ளே புகுவோர் எது மெய், எது கனவு என அறியாது தம் அச்சங்களையே எதிர்கொள்கின்றனர்.

இப்பகுதியை யாம் இவ்வகை எழுத்தின் உச்சமாகவே கருதுகிறோம். புதினத்தின் நடை பல விடங்களில் தட்டையானது; ஆயினும் இக்கருத்து அரியது. நஞ்சு செவி வழிப் புகுகிறது. குளோரின் இலையைக் கருக்கும் என்ற முரண் இங்கே பொருளாகிவிட்டது: காட்டரவு காட்டை அழிப்பது மூச்சினாலன்று, காட்டை நேசிப்பவன் உள்ளத்தைத் திரித்தலால். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு திரிந்து பாலை என்னும் வடிவம் கொள்ளும் எனச் சிலப்பதிகாரக் காடுகாண் காதை கூறுவதனை ஈண்டு ஒப்பிடுதல் மிகையாகாது. பாலை தனி நிலமன்று, நிலத்தின் திரிபு. சில்வனெஸ்டியும் அத்தகையதே. அங்கே திரிப்பது வெயில். இங்கே திரிப்பது சொல்.

அக்காதையிலேயே இன்னும் நெருங்கிய ஒப்புமை ஒன்று உண்டு. மதுரை வழியில் நீர் தேடிச் சென்ற கோவலன் முன் கானுறை தெய்வம் ஒன்று வசந்தமாலையின் வடிவில் தோன்றுகிறது. மாதவியின் தோழி போலவே நின்று, தன்மேற் பழி வந்துற்றதாகக் கூறி அழுகிறது. கோவலன் மயங்காது மந்திரம் கூற, அது தன் உருவை ஒப்புக்கொண்டு, கண்ணகியிடமும் கவுந்தியடிகளிடமும் தன் செயலை உரையாதிருக்குமாறு இரந்து நீங்குகிறது. தெய்வத்தை வல்லரவோடு வைத்து எண்ணுதல் தகுமோ என்னும் தடை எழலாம். ஒப்பிடுவது தகுதியையன்று, செயலை. மலையில் வருபவன் தூரத்தே தெரிவான். பாலைவெளியில் பகை அடிவானத்தில் தோன்றும். காட்டிலோ குரல் முன்னர் வரும், உருவம் பின்னர் வரும். ஆகவே காட்டில் வாழும் வஞ்சகத்திற்கு வலிமையினும் குரல் பயன்படும். இளங்கோவடிகள் அறிந்ததும், அமெரிக்கப் புனைவோர் பல பதிப்புகளுக்குப் பின் வந்தடைந்ததும் இந்நிலவுண்மையே.

2014இன் ஐந்தாம் பதிப்பில் இவ்வியல்பு விதியாகவே நிலைபெற்றது. ஐந்து நிறத்து முதிர்ந்த வல்லரவுகளுள் வஞ்சித்தல், இணங்கச் செய்தல், உள்ளம் அறிதல் ஆகிய திறன்கள் பச்சைக்கு மட்டுமே குறிக்கப்பட்டுள்ளன. ஏனையவற்றுக்குக் காணலும் ஒளிதலுமே. 1977இல் சிவப்பினும் குறைவாகவே பேசிய உயிர், பேச்சினாலேயே ஏனைய நான்கினின்றும் வேறுபடுத்தப்படுகிறது. அதன் உறைவிடத்தைப் பற்றிய விதிகளும் கருதத்தக்கன. ஒரு கல் எல்லைக்குள் புதர்கள் நெருங்கித் திகைப்பூட்டும் வழிகளாகும். வல்லரவு அடிச்சுவடின்றி நடக்கும். எலியும் பறவையும் அதற்குக் கண்ணும் செவியுமாகும். அது போரிடுங்கால் வேர்களும் கொடிகளும் எழுந்து பற்றும். மயக்கும் பனிமூட்டம் சூழும். காட்டில் அரவு உறைகிறது என்பது மாறி, அரவின் உடலாகவே காடு ஆகிறது. வல்லரவு இறந்தால் பறவைகளின் உறவு உடனே அறும். புதர்கள் பழையன ஆகச் சில நாட்கள் செல்லும். பத்து முகப் பகடையே அந்நாட்களை எண்ணும்.

முதிர்ந்த பச்சை வல்லரவின் மூச்சு அறுபது அடி நீளக் கூம்பாகப் பரவி, பதினாறு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகையளவு தீங்கு செய்யும், சராசரி 56. தொடக்க நிலை மாந்தர் பலரை அஃது ஒரே வீச்சில் வீழ்த்திவிடும். ஆனால் தேர்ந்த நடத்துநர் அதனை முதலிற் பயன்படுத்தார். 2014இல் புதியோர்க்காக வெளியிடப்பட்ட 'லாஸ்ட் மைன் ஆஃப் பாண்டெல்வர்' என்னும் கதைத்திட்டத்தில், எரிமலைச் சீற்றத்தால் அழிந்த தண்டர்டிரீ என்னும் ஊரின் கோபுரத்தில் வெனம்பாங் என்னும் இளம்பச்சை வல்லரவு குடியேறியுள்ளது. ஊரைச் சூழ்ந்து காடு வளர்ந்துள்ளது. அங்குச் செல்லும் மாந்தர் அதனோடு போரிட்டால் தோற்றல் எளிது. பேசினால் பிழைக்க வழியுண்டு. வல்லரவும் உயிர் போகுமளவும் நின்று பொருவதன்று. மிகக் காயமுற்றால் பறந்துவிடும். அவ்வாட்டத்திற்குப் புதியோர் பலர் முதன்முதற் கண்ட வல்லரவு இதுவே. போர்ச்சூழ்ச்சியோடு உரையாடலையும் அது அவர்க்குக் கற்பித்தது.

இதனைத் தமிழில் நடத்துவார்க்கு ஆங்கில நூல் அறியாத ஓர் இடர்ப்பாடு உண்டு. ஆங்கிலத்தில் முன்னிலைக்கு ஒரே சொல். வெனம்பாங் அதனால் எவரையும் விளிக்கும். தமிழில் வல்லரவு வாய் திறந்த கணமே நீ, நீர், தாங்கள் என்பவற்றுள் ஒன்றைத் தெரிந்தாக வேண்டும். வலிமை மிக்கது, மாந்தரை இழிவாக எண்ணுவது. ஆதலின் 'நீ' என்றே பேசும் எனப் பலரும் கருதுவர். அவ்வாறு பேசுவது சிவப்பு வல்லரவு. பச்சை, தன் கோபுரத்தின் இருளிலிருந்து, வந்தோர் ஊரும் பெயரும் பணிவுடன் வினவி, வழியில் இடர் ஏதும் உற்றதோ எனக் கேட்டு, 'தாங்கள்' என்றே தொடங்கும். கானுறை தெய்வமும் ஏவற்பெண்ணின் வடிவிலன்றோ வந்தது. அப்பணிவு எக்கணத்தில் 'நீ' என மாறுகிறதோ, அக்கணத்தில் ஆடுவோர் கை பகடையை நாடும். நடத்துநர் மூச்சைப் பற்றி ஒரு சொல்லும் கூறவேண்டியதில்லை.